தில்லை மரம் கேட்கும் தண்ணீர்

ஐம்பூதத் தலங்களின் பெயர்களை அறியாத சைவ இல்லம் தமிழகத்தில் அரிது. காஞ்சி ஏகாம்பரநாதர் நிலமாகவும், திருவானைக்கா ஜம்புகேசுவரர் நீராகவும், திருவண்ணாமலை அருணாசலேசுவரர் நெருப்பாகவும், காளத்திநாதர் காற்றாகவும், தில்லைக்கூத்தன் ஆகாயமாகவும் எழுந்தருளியிருப்பதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு விரல் மடித்து எண்ணிச் சொல்லித் தருவது வழக்கம். ஐந்து விரல்களும் ஒரே கையில் இருப்பதுபோல ஐந்து பூதங்களும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஆகாயத்திலிருந்து காற்றும், காற்றிலிருந்து நெருப்பும், நெருப்பிலிருந்து நீரும், நீரிலிருந்து நிலமும், நிலத்திலிருந்து பயிரும், பயிரிலிருந்து உணவும் தோன்றிய முறையைத் தைத்திரீய உபநிடதம் கூறுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்லும்போதே, ஒன்று குன்றினால் மற்றதும் குன்றும் என்பது அதனுள் அடங்கிவிடுகிறது.

இந்த உண்மையைக் கண்ணால் காண விரும்பும் அன்பர்கள் சிதம்பரம் தரிசனத்தை முடித்துக்கொண்டு கிழக்கே ஏறக்குறைய 15 கி.மீ. சென்றால் போதும். அங்கே பிச்சாவரத்துச் சதுப்பில், உப்பும் சேறும் கலந்த மண்ணில், சிதம்பரத்தின் தலமரம் நிற்கிறது.

ஆகாயத் தலத்தின் சேற்று மரம்

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை வழங்கியது தில்லை மரமே. தில்லை வனத்தில் ஈசனின் திருநடனம் காண வந்த புலிக்கால் முனிவர், வண்டு தீண்டாத மலரைப் பறிக்க வைகறை இருளில் மரம் ஏறுவதற்காகப் புலியின் கால்களை வேண்டிப் பெற்றார் என்பது தலபுராணம். அவராலேயே ஊருக்குப் புலியூர் என்றும் பெயர் அமைந்தது. பதஞ்சலி முனிவரும் அவரும் தவமிருந்த அந்த வனம் இன்று நகருக்குள் இல்லை. தில்லை மரங்களைக் காணக் கழிமுகத்துக்குத்தான் போகவேண்டும்.

தில்லை சாதாரண மரமன்று. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். ஆகவே அதை வெட்டுவோர் அஞ்சி அஞ்சியே வெட்டுவர். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. உதிரும் முன் இலைகள் செக்கச்சிவந்து, தூரத்திலிருந்து பார்ப்போருக்கு மரமே பூத்ததுபோலத் தோன்றும். கடலலை நேரே மோதும் விளிம்பில் இது வளர்வதில்லை. ஏற்றநீர் எட்டிப்பார்த்துத் திரும்பும் உட்பகுதியில், நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் மண்ணில்தான் வேர் கொள்ளும். நன்னீர் வரத்து நின்று உப்பு மிகுந்தால் இது வாடும். கடல்நீர் எட்டாத வயல்வெளியிலோ மற்ற மரங்களோடு போட்டியிட்டு நிற்பது இதற்குக் கடினம். ஆறும் கடலும் சம அளவில் கைகோத்தால் மட்டுமே தில்லை வாழும்.

சிதம்பரத்தில் ஒரு காலத்தில் தில்லைவனம் இருந்ததென்றால், ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடம் அப்போது ஊருக்கு அருகே இருந்திருக்க வேண்டும். ஆறு கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டுகள் பலவாகப் படிந்து கரையைக் கிழக்கே தள்ளியது. கரையோடு சேர்ந்து மரமும் நகர்ந்தது. சோழவள நாட்டின் கழனிகள் யாவும் இவ்வாறு ஆறு கட்டித்தந்த நிலமே.

வெள்ளக் காலங்களில் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடுவதைக் காண்போர் வாயிலிருந்து, ‘இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே’ என்னும் பெருமூச்சு எழுவது வழக்கம். வறட்சியில் பயிர் கருகக் கண்ட மக்களின் வாயிலிருந்து வருவதால் அந்தப் பெருமூச்சு இயல்பானதே. ஆயினும் கடல் சேரும் நீர் உண்மையில் வீணாகிறதா என்பதைத் தில்லை மரத்தின் பக்கம் நின்று ஆராய்ந்தால் வேறொரு விடை கிடைக்கிறது. அதற்கு அந்நீர் வந்த வழியை முதலிலிருந்து பின்பற்ற வேண்டும்.

ஆனியில் புறப்படும் காற்று

தில்லையில் ஆனித் திருமஞ்சனம் நிகழும் நாள்களில் கழிமுகத்து மண் வெயிலில் வெடித்துக் கிடக்கும். அதே நாள்களில் மேற்கே குடகு மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மழையைக் கொணரும் காற்றின் பிறப்பிடம் நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, மடகாஸ்கர் தீவுக்குக் கிழக்கேயுள்ள மஸ்கரீன் தீவுகளை ஒட்டிய கடற்பரப்பாகும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் பாரத நிலத்தையும் வடக்கே திபெத்துப் பீடபூமியையும் காய்ச்சுகிறான். சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. தென்கடலிலோ அது குளிர்காலம். அங்கே காற்று கனத்து அழுந்தி நிற்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று ஓடுகிறது. நிலநடுக்கோட்டைக் கடந்ததும் பூமியின் சுழற்சி அதை வலப்புறம் திருப்புகிறது. சோமாலியக் கரையோரம் வேகம் பெற்று, அரபிக்கடலின் நீராவியை வாரிச் சுமந்து, தென்மேற்குப் பருவக்காற்று என்னும் பெயரோடு கேரளக் கரையை அடைகிறது. நெருப்பின் வடிவான கதிரவன் தூண்ட, காற்று எழுந்து, நீரைச் சுமந்து வருகிறது. மூன்று பூதங்கள் இதற்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

நான்காவது பூதமான நிலம் அந்தக் காற்றை வழிமறித்து நிற்கிறது. ஏறக்குறைய 1,600 கி.மீ. நீளமுள்ள மேற்குத் தொடர்ச்சி மலை காற்றை மேலே ஏற்றுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்ததும் நீராவி மழையாகிறது. மலைக்கு மேற்கே வெள்ளம் வருமளவு பெய்யும் மழை, கிழக்கே வரும்போது வற்றிவிடுகிறது. தஞ்சைத் தரணிக்கு ஆடி மாதத்தில் பெருமழை இல்லை. ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஆற்றில் புதுப்புனல் வருகிறது. அம்மழை குடகிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் பெய்தது. அதை ஏந்திவந்து தருபவள் காவிரி.

மலையின் மேலுள்ள காடு இந்த வரலாற்றில் இன்னொரு பணி செய்கிறது. நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் புல்வெளியும் சோலைக்காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. புல்லின் வேர்களும் சோலையின் இலைமக்கும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. மழை நின்ற பின்னும் ஓடைகள் ஓடுவது இதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி நீலகிரிப் புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் அயல்நாடுகளிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டன. அவற்றைக் களைந்து மீண்டும் புல்லை வளர்க்கும் வேலை இன்று மெல்ல நடந்துவருகிறது.

காடு நீரைச் சேமிப்பதோடு நின்றுவிடுவதில்லை. காற்றுக்குத் திருப்பியும் தருகிறது. வேர் உறிஞ்சிய நீர் இலைவழியே ஆவியாகிறது. அந்த ஈரத்தைக் காற்று கிழக்கே கொண்டுசென்று சமவெளியில் மீண்டும் மழையாக்குகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதை அளந்து கூறியது. தென்மேற்குப் பருவத்தில் தமிழகம் பெறும் மழையின் ஈரத்தில் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தருவதாகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. மலையில் வெட்டப்படும் மரம் சமவெளியில் பெய்யாத மழையாகவும் கணக்கில் வருகிறது.

மலை தந்த இரண்டு சீதனங்கள்

குடகு நாட்டுத் தலைக்காவிரியில் துலா சங்கரமண நாளன்று ஊற்று பொங்கும் வேளையைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. அதே ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் அன்பர்கள் மாதம் முழுவதும் நீராடிக் கடைமுகத்தோடு நிறைவு செய்கின்றனர். ஏறக்குறைய 800 கி.மீ. நீளமுள்ள ஓர் ஆற்றின் தலையையும் கடையையும் ஒரே மாதத்தில் வழிபட வைத்தது முன்னோரின் ஏற்பாடு. தலையில் நடப்பது கடையைத் தொடும் என்பதை விழாவாகவே அமைத்துவிட்டனர்.

மலை காவிரிக்குத் தரும் சீதனம் இரண்டு. நீர் ஒன்று, மண் மற்றொன்று. மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்கின்றன. ஆறு அதை மணலாகவும் வண்டலாகவும் அரைத்துக் கீழே கொணர்கிறது. கனத்த மணல் ஆற்றுப்படுகையில் தங்குகிறது. நுண்ணிய வண்டல் வெள்ளத்தோடு வயலிலும், மிஞ்சியது கழிமுகத்திலும் படிகிறது. மணலுக்குள் நீர் தங்கும். கோடையில் ஆறு வறண்டு கிடந்தாலும் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த நீர் சுரந்ததை முதியோர் பலர் கண்டிருப்பர். ஊற்றுநீர் நிறைந்த திருவானைக்காக் கருவறையில் ஈசனைத் தரிசித்தோருக்கு, நிலத்தடியில் நீர் எவ்வளவு அருகில் நடமாடுகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை.

அந்தத் திருவானைக்காவும் திருவரங்கமும் அமைந்த தீவுக்குச் சற்று மேற்கே, முக்கொம்பில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. மிகுநீரைக் கொள்ளும் இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். காவிரியை எண்ணற்ற வாய்க்கால்களாகப் பிரித்து வயலுக்கு அனுப்பினர். கரை கொள்ளாத வெள்ளத்தைக் கொள்ளிடம்வழியே கடலுக்கு அனுப்பினர். கரிகாலன் பெயரால் போற்றப்படும் கல்லணை இந்தப் பங்கீட்டின் நடுநாயகம். ஊட்டும் கையாகக் காவிரியும், வெள்ளம் தாங்கும் தோளாகக் கொள்ளிடமும் வேலை பகிர்ந்துகொண்டன. நீர்த்தலத்தைத் தழுவிப் புறப்படும் கொள்ளிடம், ஆகாயத் தலத்துக்குத் தெற்கே ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் முகத்துக்கும் வடக்கே பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாற்றின் முகத்துக்கும் இடையே பரந்திருப்பதே பிச்சாவரம்.

உப்பும் சேறும் சந்திக்கும் இடம்

பிச்சாவரம் காடு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புடையது. நூற்றுக்கணக்கான நீரோடைகள் அதை ஊடறுத்துச் செல்கின்றன. படகில் செல்வோர் முதலில் காண்பது, பல கால்களை ஊன்றி நிற்பதுபோல வேர்களைப் பரப்பிய சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காயாகத் தொங்கிக் கீழே விழுந்து சேற்றில் ஊன்றும். கண்டல் மரமோ சேற்றிலிருந்து விரல் நீட்டியதுபோலச் சுவாச வேர்களை மேலே அனுப்புகிறது. காற்றில்லாத சேற்றில் மூச்சுவிட அதுவே வழி. சுரபுன்னை உப்பை வேரிலேயே வடிகட்டுகிறது. கண்டல் குடித்த உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும்.

இவ்வளவு திறம் பெற்ற மரங்களும் உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். கோடையில் ஏறும் உப்பை ஆற்றுவெள்ளமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆண்டுதோறும் கழுவிவிட வேண்டும். வெள்ளம் கொண்டுவரும் வண்டலே இம்மரங்களுக்கு நிலமும் உரமும். வேர்கள் அவ்வண்டலைப் பிடித்து நிறுத்தி மேலும் நிலத்தைக் கட்டுகின்றன. உதிர்ந்த இலைகள் மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவற்றை நம்பி இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. ஆழ்கடலில் பிறக்கும் இறாலின் குஞ்சுகள் இக்கழியைத் தேடி வந்து வளர்ந்து, பருவமடைந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. இங்குள்ள இருளர் குடும்பங்கள் சேற்றுநீரில் கைகளால் துழாவி இறால் பிடித்து வாழ்கின்றன.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன நிகழும் என்பதையும் பிச்சாவரம் காட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னர்ச் சில பதின்ம ஆண்டுகளும் இக்காட்டை வட்டம் வட்டமாக முறைவைத்து முழுவதுமாக வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. நடந்தது வேறு. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றின்மேல் விழுந்தது. ஈரம் வற்றிய மண் இறுகித் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் நுழைந்த ஏற்றநீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு மிகுந்து, விதை விழுந்தாலும் முளைக்காத உவர்த்தரை உருவாயிற்று. வெட்டியது மரத்தை மட்டுமே. ஆனால் வெயில், மண், நீர், உப்பு ஆகிய அனைத்தின் கணக்கும் மாறிப்போயிற்று.

அதைச் சரிசெய்யும் வழியும் அதே சங்கிலியில்தான் இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, உவர்த்தரையில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஏற்றநீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியேறியது. தேங்கிய உப்பு கரைந்து போயிற்று. பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. நீர் நடமாடத் தொடங்கியதும் காடு திரும்பியது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் அடைந்த சேதம், கடலை நேரே பார்த்திருந்த ஊர்களைவிடக் குறைவாக இருந்தது. தரையின் உயரமும் கரையிலிருந்து உள்ள தொலைவும் அதற்குக் காரணங்களே. ஆயினும் கடலூர்க் கரையை ஆராய்ந்த அறிஞர்கள் மரச்செறிவுக்கும் அதில் பங்குண்டு எனக் கண்டனர். அலையின் வேகத்தை ஆற்றுவதால் இக்காட்டுக்கு அலையாத்திக்காடு என்னும் பெயர் பொருத்தமாயிற்று.

கடல் திருப்பித் தருவன

கடலில் கலந்த நன்னீர் அங்கே மறைந்துவிடுகிறதா? முதலில் அது கரையோரக் கிணறுகளைக் காக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கரையோர நிலத்தடியில் நன்னீர், கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உப்புநீர் நெருங்காமல் தடுக்கும் என்பது நிலநீர் நூலோர் கண்ட கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால், மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆற்றில் நீர் வராமல், படுகையில் மணலும் இல்லாமல், ஆழ்துளைக் கிணறுகள் மட்டும் இரவுபகலாக ஓடினால், தாத்தா காலத்தில் இனித்த கிணறு பேரன் காலத்தில் கரிக்கும். காவிரிப்படுகையின் கடைமடை ஊர்கள் சிலவற்றில் இது வெறும் எச்சரிக்கையன்று, அன்றாட அனுபவம்.

அடுத்து, கரையே ஆற்றை நம்பி நிற்கிறது. கழிமுக நிலம் தன் எடையால் மெல்ல மெல்ல அமுங்கும். அமுங்கிய அளவுக்குப் புதிய வண்டல் வந்து படிந்தால் நிலம் நிலைக்கும்; வராவிட்டால் கடல் அரிக்கும். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அது பல லட்சம் ஏக்கர் பாசனத்துக்கு உயிரானது. அதேவேளை, அங்கும் அதற்கு மேலுள்ள அணைகளிலும் நீரோடு வந்த வண்டலின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. தரங்கம்பாடியில் கடற்கரையோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை அறியாதவர் சோழநாட்டில் இலர். 1306ஆம் ஆண்டில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டுபோயிற்று. கடலரிப்புக்குக் காரணங்கள் பல; அலையின் போக்கும் புயலும் கடல்மட்ட உயர்வும் அவற்றுள் அடங்கும். ஆற்றின் வண்டல் குறையக் குறைய, அக்காரணங்களுக்கு எதிர்நின்று கரையைப் புதுப்பிக்கும் கை தளர்கிறது.

மூன்றாவது நன்மை வானத்தில் இருக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி முதலான பேராறுகள் வங்கக்கடலில் கொட்டும் நன்னீர், கடல்நீரின்மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து மிதக்கிறது. அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு அது எளிதில் கலப்பதில்லை. ஆகவே கதிரவன் தரும் வெப்பம் மேற்பரப்பிலேயே தங்குகிறது. வங்கக்கடல் ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வெப்பத்திலிருந்து மேகம் எழுகிறது, மழை பொழிகிறது, சில வேளைகளில் புயலும் பிறக்கிறது. தமிழகம் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வங்கக்கடல் வழியே வரும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. அந்தப் போர்வையில் காவிரியின் இழை சிறியதே. ஆயினும் ஆறுகள் கடலுக்குக் கொடுப்பதைக் கடல் மழையாகத் திருப்பித் தருகிறது என்னும் முறை எல்லா ஆறுகளுக்கும் பொது. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் கூடும் அன்பர்கள் நனைந்த வீதிகளில் தேரைத் தரிசிக்கும் ஆண்டுகளில், அந்த ஈரம் கடல் தந்தது. அக்கடலுக்குள் ஆறுகள் சென்று கலந்தன.

கடலுக்கும் ஒரு பங்கு

இதனால் பயிருக்கு நீர் தரவேண்டாம் என்றோ, அணைகள் வேண்டாம் என்றோ பொருளில்லை. கடைமடை உழவனின் துன்பம் அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லார். கல்லணை கட்டிய காலம்முதல் நீரைத் தேக்கிப் பகிர்ந்ததாலேயே சோழநாடு சோறுடைத்தாயிற்று. கொள்ளிடத்தின் அணைக்கரையிலிருந்து வடவாறுவழியே நீர் பெறும் வீராணம் ஏரி, சோழர் காலத்து ஏற்பாடு. இன்று சென்னை மக்களின் தாகத்தையும் அது தீர்க்கிறது. தேக்குவது அறமே. முழுவதையும் தேக்குவதுதான் கேள்விக்குரியது.

நீதி வழங்கியோரும் இதை மறக்கவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டில் அளித்த இறுதித் தீர்ப்பில், 740 டி.எம்.சி. நீரை மூன்று மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் பிரித்தபோது, சுற்றுச்சூழல் காப்புக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்க இயலாமல் கடல் சேருவதென 4 டி.எம்.சி.யும் தனியே ஒதுக்கிற்று. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் உரிய பங்குகளை மாற்றியபோதும், இந்த 14 டி.எம்.சி. அப்படியே நின்றது. உரிமைக்காகப் பல பதின்ம ஆண்டுகள் வழக்காடிய மாநிலங்களுக்கு நடுவே, வாயில்லாத ஆற்றுக்கும் கடலுக்கும் சேர்த்து ஒரு பங்கு எழுதப்பட்டிருக்கிறது. அது சிறு பங்குதான். தானியம் அளக்கும்போது முதல் மரக்காலைச் சுவாமிக்கு என்று எடுத்துவைத்த மண்ணில் வாழ்வோருக்கு, இப்படி ஒதுக்குவதன் பொருள் எளிதில் விளங்கும்.

அந்தப் பங்கு பயனுடையதாக, நீரோடு மணலும் வேண்டும். மணலோடு தூய்மையும் வேண்டும். படுகையின் மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றின் அடித்தரை தாழ்கிறது. ஆற்றுமட்டம் தாழ்ந்தால் வாய்க்காலின் தலைமதகு உயரத்தில் நின்றுவிடும்; கரையோரக் கிணறு கீழே இறங்கும்; கழிமுகத்தில் கடல்நீர் ஆற்றுக்குள்ளேயே மேலேறி வரும்.

அன்பர்கள் செய்யக்கூடியன

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இதில் பெரிய பங்குண்டு. பரிகாரம் முடித்துக் களைந்த ஆடையை ஆற்றில் விடுவதால் எந்தத் தோஷமும் கரைவதில்லை. மதகில் சிக்கி நீரோட்டம் தடைப்படுவதும், மிஞ்சியது கழிமுகத்துச் சுவாச வேர்களைச் சுற்றி மூச்சடைக்கச் செய்வதுமே அதன் பலன். அந்தத் துணியைத் துவைத்து ஏழை ஒருவருக்கு அளித்தால் அது தானமாகும். ஆடிப்பெருக்கில் காப்பரிசியும் கருகமணியும் காதோலையும் படைப்போர், அவற்றோடு பிளாஸ்டிக் உறையையும் ஆற்றுக்குத் தராதிருக்கலாம்.

ஊர்க்கோயிலின் திருக்குளத்துக்கு வரத்துக்கால் எங்கே இருந்தது என்பதை இன்று அறிந்தவர்கள் எழுபது வயதைக் கடந்த பெரியோரே. அந்த வாய்க்கால் எந்தத் தெருவின் கீழே மறைந்திருக்கிறது, எந்த மதகு தூர்ந்திருக்கிறது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு நடந்து காட்டினால், அது எந்த வரைபடத்துக்கும் குறைந்ததன்று. திருக்குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறுகள் நிறையும். கடற்கரை ஊர்களில் அந்த ஓரடி நன்னீர் மேலும் சில தலைமுறை உப்பைத் தடுத்து நிற்கும்.

சிதம்பரம் செல்வோர் நேரமிருப்பின் தலமரத்தையும் ஒருமுறை தரிசித்து வரலாம். தில்லையைத் தொடவேண்டாம், கிளை ஒடிக்கவேண்டாம். படகிலிருந்தபடி கைகூப்பினால் போதும்.

பிச்சாவரத்தை அடுத்துள்ள கிள்ளை முழுக்குத்துறைக்கு மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். வழியில் கிள்ளையில் இஸ்லாமிய அன்பர்களும் அவரை வரவேற்று மரியாதை செய்வது பன்னெடுங்கால வழக்கம். கடலுக்குள் மூழ்கிய பூமித்தாயைத் தம் கொம்பில் ஏந்தி மேலே கொணர்ந்த பெருமாள், ஆண்டுக்கொருமுறை அந்தக் கடலுக்கே வந்து நீராடுகிறார். மாசியில் கொள்ளிடத்தின் வெள்ளம் வடிந்து, ஓடைகளில் உப்பு மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். கழிக்கு அப்பால் தில்லை மரங்கள் அடுத்த புனலுக்குக் காத்துநிற்கும். ஆனியில் தென்கடற்காற்று மீண்டும் குடகை நோக்கிப் புறப்பட, அவற்றுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.